மீண்டும் நாணேறும் வில்

ஏலமலைத் தொடரில், போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் மேற்கே பரந்து கிடக்கும் நாட்டுக்கு உடும்பஞ்சோலை என்று பெயர். மலைமடிப்புகளில் பசுமை மாறாது அடர்ந்து நிற்கும் காட்டைச் சோலை என்பது இம்மலைகளின் வழக்கு. தாவர நூலாரும் இச்சொல்லையே கடன்பெற்று, உலகெங்கும் இத்தகைய காட்டைச் ‘சோலா’ என்றே எழுதுகின்றனர். உடும்புகள் மிகுந்திருந்த சோலை என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வர். அம்பின் உறுப்பொன்றுக்கு ‘உடு’ என்று தமிழில் பெயருண்டு. அதனைக் கொண்டு இவ்வூரை வில்லோடு முடிச்சுப்போட நம் புலமை நெஞ்சம் சற்றே துடிக்கும். அத்துடிப்பை அடக்கிக்கொள்வதே நன்று. சொல்லொலியை மட்டும் நம்பி ஊர் வரலாறு எழுதியதால் விளைந்த கேடுகள் தமிழுலகில் குறைவல்ல.

ஆயினும் உடும்புக்கும் வில்லுக்கும் சங்கப் பாடலொன்றில் உண்மையாகவே ஒரு தொடர்பு உண்டு. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டை அன்பர்கள் அறிவர். ஒரே கணை யானையை வீழ்த்திற்று, புலியைக் கொன்றது, புள்ளிமானை உருட்டிற்று, பன்றியைச் சாய்த்தது, இறுதியில் அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பிற் சென்று தங்கிற்று. இஃது உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் உள்ளத்தைக் கவர்வது அதன் பிற்பகுதியாகும். எய்தவன் யாரென்று அறியாது பாணர் கூட்டம் பாடுகிறது. வில்லாளி தன் புகழைத் தன் காதாற் கேட்டு நாணுகிறான்; ஊனும் தேனும் பொன்னும் அளிக்கிறான்; பெயரை மட்டும் சொல்லவில்லை. வேடன் கோலத்தில் நிற்பவன் வேந்தனாக இருத்தல் கூடும் என்று எண்ணத்தக்க அளவுக்கு அந்நாளில் வில் தமிழ்ச் சமுதாயத்தின் எல்லாப் படிகளிலும் இருந்தது.

இம்மலைநாடு பழைய சேரநாட்டின் கிழக்கு விளிம்பு. மூவேந்தருள் வில்லைத் தன் பொறியாகக் கொண்டவன் சேரன். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிற் கிடைத்த சேரரின் சதுரச் செப்புக்காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் இருக்கக் காண்கிறோம். புலியும் கயலும் இயற்கை தந்த உருவங்கள். வில் ஒன்றே மனிதன் கையாற் செய்த கருவி. மூன்று பொறிகளுள் ஒன்று மட்டும் தொழிற்பொருளாக அமைந்ததன் காரணம், மலையும் காடும் மிகுந்த நாட்டில் அதுவே உயிர்காக்கும் பொருளாக இருந்தமை என்பது என் கருத்து.

மலையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் வையைக் கரை. அங்கே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழகத்தில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களுள் மிகப் பழையவை இவை. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், உயிர்நீத்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். அவ்வூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராக இருக்கலாம். ஆகோள் என்னும் சொல்லைத் தொல்காப்பியத்தின் வெட்சித் திணையிற் படித்துப் பழகிய நமக்கு, அதே சொல் கல்லில் வெட்டப்பட்டு நம் மலையடிவாரத்திலேயே கிடைத்தது சிறிய செய்தியன்று. வெட்சி மறவரின் முதற்கருவி வில்லே. இலக்கணத்திற் கண்டதைக் கற்பனை என்று ஒதுக்கியவர் வாயை அக்கல் அடைத்தது.

வில்லின் பெருமை பேசும் பாடல்களை எடுத்துக்காட்டுவோர் பலர். வில்லைக் கைவிட்ட கதையை எடுத்துக்காட்டுவோர் அரியர். அக்கதை சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரை செல்லும் வழியில் ஐயை கோட்டத்தின் ஒருபுறம் இளைப்பாறியிருக்க, எயினர் குடியிற் பிறந்த சாலினி தெய்வமுற்று ஆடுகிறாள். ஊர் மன்றின் நடுவில் நின்று அவள் கூறுவது என்ன? பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிக் கிடக்கிறது. எயினர் மன்றம் பாழாகிக் கிடக்கிறது. மறக்குடிப் பிறந்தோர் அறக்குடியினர் போல அடங்கி அவிந்துவிட்டனர். கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாவிடின் வில்லின் வெற்றி திரும்பாது என்பதாம். அதன்பின் ஒரு குமரியைக் கொற்றவையாகக் கோலம் செய்து, கையில் வில்லைத் தந்து, கலைமான் மேல் ஏற்றுகின்றனர். வழிப்பறியையும் நிரைகவர்தலையும் நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு குலம் தன் கைத்தொழிலை மறந்து நெடுநாள் இருந்தமையும், அதனை மீண்டும் எடுக்கத் துணிந்தபோது பொருளாசையினும் நாணமே அதனைத் தூண்டியமையும் இளங்கோவடிகள் கண்டு சொன்ன உண்மை. இடைவிட்ட வில்லைப் பற்றித் தமிழில் இதனினும் பழைய சான்றை நான் அறியேன்.

வேட்டுவ வரியிற் கண்ட இடைவெளி சில ஆண்டுகளினது. பின்னர் வந்த இடைவெளி நூற்றாண்டுகளினது. வெடிமருந்து வந்ததும் வில் ஒழிந்தது என்று பள்ளிப் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. செய்தி அவ்வளவு எளிதன்று. 1802ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வயநாட்டுப் பனமரம் கோட்டையை நோக்குக. பழசி அரசரின் பக்கம் நின்ற குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும், எடச்சேன குங்கனும், ஏறத்தாழ 150 வில்லாளிகளோடு அக்கோட்டையைத் தாக்கினர். கும்பினியாரின் பம்பாய்க் காலாட்படையைச் சேர்ந்த 70 பேர் கொண்ட காவற்படை அழிந்தது. டிக்கின்சன், மாக்ஸ்வெல் என்னும் இரு தலைவரும் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் குறிச்சியர் கைக்கு வந்தன. துப்பாக்கி பரவிய காலத்தில் வில் துப்பாக்கியை வென்று கைப்பற்றிய நிகழ்ச்சி இது. 1805 நவம்பரில் சந்து தூக்கிலிடப்பட்டார். அம்மாத இறுதியில் பழசி அரசரும் வீழ்ந்தார். 1812இல் வரிக்கொடுமை தாங்காது குறிச்சியரும் குறும்பரும் மீண்டும் எழுந்தனர். சில திங்களில் அவ்வெழுச்சியும் அடக்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்னரே தமிழகத்தின் தென்பகுதியில் பாளையக்காரர் போர் முடிந்து, 1801 டிசம்பர் முதல் நாள் வெளியிடப்பட்ட அறிக்கையால் மக்கள் படைக்கலம் வைத்திருத்தல் தடுக்கப்பட்டிருந்தது. பின்னர் 1878ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம் வந்தது. அச்சட்டம் படைக்கலம் என்பதற்கு விளக்கம் கூறுமிடத்துத் துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர்சொல்லியே சேர்த்தது. பீரங்கியும் அதே தொடரிற்றான் வருகிறது! மூங்கிற் கழியையும் பீரங்கியையும் ஒரே வரியில் நிறுத்திய ஆட்சியாளரைக் கண்டு நகைக்கத் தோன்றும். ஆனால் பனமரத்தை அவர்கள் மறக்கவில்லை. 1855இல் சந்தால் மக்கள் வில்லேந்தி எழுந்ததையும் மறக்கவில்லை. சட்டத்தின் கடுமை இடத்துக்கு இடம் வேறுபட்டது, விலக்குகளும் இருந்தன. கம்பமெட்டின் கிழக்கே மதுரை மாவட்டம் ஆங்கிலேயரின் நேராட்சியில் இருந்தது. மேற்கே உடும்பஞ்சோலை திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. ஒரே மலைமுகட்டின் இருபுறமும் இருவேறு சட்டங்கள். ஏகலைவனின் கட்டைவிரலை ஒருவன் கேட்டு வாங்கினான் என்று பாரதம் சொல்கிறது. இங்கே கேட்காமலேயே எழுத்தால் அறுத்தனர்.

சட்டத்தினும் மிகுதியாக வில்லை ஒழித்தது காட்டின் சுருக்கம். உடும்பஞ்சோலையில் முதுவர், மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். முதுவரும் மன்னானும் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகவே கூறுவர். மன்னான் மக்களின் அரசர் கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் இருந்து இன்றும் அவர்தம் சமுதாயத்துக்குத் தலைமை தாங்குகிறார். இவர்களது காட்டில் தானே விளைந்த ஏலம் திருவிதாங்கூர் அரசின் கருவூலத்துக்கு உரியதாயிற்று. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கம்பம், போடி, தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கணவாய் ஏறி வந்து அத்தோட்டங்களை வளர்த்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பற்றாக்குறையால் காட்டுநிலம் உழவுக்குத் திறந்துவிடப்பட்டது. 1955இல் பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரால் கல்லாற்றில் குடியேற்றம் அமைந்தது. 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அச்சட்டம் வேண்டியதே. யானையும் காட்டெருதும் இன்று எஞ்சியிருப்பது அதனால்தான். ஆனால் வேட்டையோடு வேட்டுவனின் கைத்திறமும் குற்றப் பட்டியலுக்குட் சென்றது என்பதை நம்மவர் பேசுவதேயில்லை. வேட்டை வேறு, குறிபார்க்கும் கலை வேறு என்று பிரித்துக்காட்ட அன்று யாரும் முன்வரவில்லை.

கொல்லும் தொழிலை இழந்த வில் வேறு வேலை தேடிக்கொண்டது. அதன் பழைய தோழமையே இசைதான். குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி இடையன் வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் இசைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நெல்லையிலும் குமரியிலும் வில்லுப்பாட்டு என்ற பெயரில் அதே வில் இன்றும் ஒலிக்கிறது. பெரிய வில்லைக் குடத்தின்மேற் கிடத்தி, மணிகளைக் கோத்து, வீசுகோலால் நாணை அடித்துக் கதைசொல்லும் அக்கலையைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சுப்பு ஆறுமுகமும் நகர மேடைக்கு ஏற்றினர். மலையாள நாட்டில் ஓணவில் உண்டு.

கோயில்களும் வில்லைக் காத்தன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பள்ளிவேட்டையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துத் தலைவர் இளநீர்க்காயை இலக்காகக் கொண்டு அம்பு எய்வது மரபு. குமரிமுனைப் பகவதி விசயதசமியன்று பரிவேட்டைக்கு மகாதானபுரம் செல்கிறாள். பழனியிலும் மதுரையிலும் நவராத்திரி முடிவில் அம்பு போடும் விழா நடக்கிறது. தெய்வத்தின் கையில் வில்லை ஒப்படைத்துவிட்டு மனிதன் வெறுங்கையோடு வீடு திரும்பினான்!

வயநாட்டுக் குறிச்சியர் மட்டும் அவ்வாறு முழுதும் ஒப்படைத்துவிடவில்லை. துலா மாதம் 10ஆம் நாளை அவர்கள் வில்லுக்குரிய நாளாகப் போற்றி வந்தனர். வேட்டை நின்றபின்னும் சடங்காகவும் போட்டியாகவும் அம்பெய்தல் அவர்களிடம் நிலைத்தது. கேரளத்து வில் என்றவுடன் வயநாடு நினைவுக்கு வருவதும், இடுக்கி நினைவுக்கு வாராததும் இதனாலேயே.

உலக அரங்கிலும் வில்லுக்கு ஒரு நீண்ட இடைவெளி நேர்ந்தது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் 1900, 1904, 1908, 1920 ஆகிய ஆண்டுகளில் வில்வித்தை இருந்தது. பின்பு மறைந்தது. நாட்டுக்கு நாடு விதி மாறியதால் யார் வென்றார் என்பதே வழக்காயிற்று. 1931இல் போலந்து நாட்டில் உலக வில்வித்தைக் கூட்டமைப்பு தோன்றிப் பொதுவிதி வகுத்தது. அதன்பின்னும் 52 ஆண்டு இடைவெளி முடிந்து 1972இல் மியூனிக் நகரிற்றான் வில் மீண்டும் அரங்கேறிற்று. வேட்டை வில்லுக்கு நம் நாட்டிற் சட்டக் கதவு அடைத்த அதே ஆண்டில் விளையாட்டு வில்லுக்கு உலகக் கதவு திறந்ததென்பது காலத்தின் விந்தை.

மேலைநாட்டில் வில்லை மீட்டவர் வரலாற்றில் ஒரு செய்தியை இங்குச் சொல்லாதிருத்தல் இயலவில்லை. 1911இல் கலிபோர்னியாவில், தன் குலத்தார் அனைவரும் அழிந்துபோகத் தனியொருவனாக எஞ்சிய யாகி இனத்து மனிதன் ஒருவன் வெளிப்பட்டான். அவனுக்கு இஷி என்று பெயரிட்டனர். அவனுக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்பார் அவனிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி மறைந்தான். 1923இல் போப் எழுதிய நூல் அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் புத்துயிர் அளித்தது. கலை பிழைத்தது, கலைக்கு உரிய குலம் பிழைக்கவில்லை. மரபை மீட்கிறோம் என்று நாம் பெருமிதம் கொள்ளும்போதெல்லாம், யாருக்காக மீட்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள இச்செய்தி உதவும்.

இந்திய வில்வித்தைச் சங்கம் 1973இல் அமைந்தது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் இந்திய வில்லாளிகள் முதன்முறை பங்கேற்றனர். அவர்களுள் ஒருவரான லிம்பா ராம், இராசத்தான் மாநிலத்து உதயப்பூர்ப் பகுதியின் பழங்குடி இளைஞர். மூங்கில் வில்லால் காட்டில் வேட்டையாடிப் பழகிய அவரை 1987இல் அரசின் விளையாட்டு ஆணையத்தார் கண்டெடுத்தனர். 1992இல் பெய்ஜிங்கில் 30 மீட்டர் தொலைவில் 360க்கு 358 புள்ளி எய்து உலகச் சாதனையைச் சமன்செய்தார். அதே ஆண்டு பார்சிலோனாவில் ஒரே புள்ளியில் வெண்கலம் தவறியது. காட்டிலிருந்து கையெடுத்து வந்த திறம் எத்தகைய உயரத்தை எட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 2024இல் பாரிசு நகரத்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் பொன் வென்றார்; கைகளின்றிப் பிறந்த சீத்தல் தேவி காலால் வில்பிடித்துக் கலப்பு இணையர் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2025 அக்டோபரில் தில்லியில் நடந்த வில்வித்தைத் தொடர்ப்போட்டியில் தமிழ்நாட்டு அணிக்குச் சோழரின் பெயரைச் சூட்டினர். வில்லைப் பொறித்தவன் சேரன். சோழனோ புலியைப் பொறித்தவன். பெயரிட்டோர் ஒரு தமிழாசிரியரைக் கேட்டிருக்கலாம்.

நெடுநாள் விட்ட வில்லை மீண்டும் எடுப்பது எத்தகையது என்பதைக் கலையின் உள்ளிருந்து நோக்குவோம். குறிபார்க்கும் கண் எளிதில் மறப்பதில்லை, மறப்பது முதுகு. வில்லை வளைப்பது கையின் தொழில் என்று காண்போர் எண்ணுவர். உண்மையில் தோட்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கும் முதுகுத் தசைகளே அச்சுமையைத் தாங்குகின்றன. போட்டியில் ஆடவர் வளைக்கும் வில்லின் இழுவிசை 45 பவுண்டு அளவினது. பல்லாண்டு விட்டவர் பழைய வில்லையே பழைய விசையோடு வளைக்க முயன்றால் தோள் நடுங்கும். நடுக்கத்தை மறைக்க முழங்கையைத் திருகுவர். அத்திருகல் வழக்கமாகிவிட்டால் பின்பு திருத்தல் அரிது. ஆகவே விசை குறைந்த வில்லை எடுத்து, பத்தடித் தொலைவில், வட்டங்கள் வரையாத வெறும் வைக்கோற் பொதியை நோக்கிச் சில கிழமை எய்வதே முறை. இலக்கு இல்லாதவிடத்துத் தோல்வியும் இல்லை. மனம் உடலின் நிலையைக் கவனிக்கும். நம் நிகண்டுகள் வில்லாளியின் நிலைகளைப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காக வகுத்ததும் கால்களை முதலிற் கருதித்தான். கண்ணைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

விட்டுவைத்த வில்லுக்கும் இதே நிலை. நாணேற்றியபடியே கிடத்திய மரவில் தன் வளைவிலேயே பழகிச் சோம்பிவிடும். நாணை இறக்கி உலர்ந்த இடத்தில் வைத்த வில்லோ பல்லாண்டு கழித்தும் விசை தரும்.

உடும்பஞ்சோலைக்கு மீள்வோம். ஒலிம்பிக் வில்லுக்கு 70 மீட்டர் சமநிலம் வேண்டும். 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு வேண்டும். வெளிநாட்டிற் செய்த வில் இலட்சக்கணக்கில் விலை கேட்கும். ஏலத்தோட்டச் சரிவுகளுக்கிடையே 70 மீட்டர் சமநிலம் காண்பது பொன்னைக் காண்பதைப் போன்றது. ஆனால் நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் ‘இந்தியச் சுற்று’ என்றொரு பிரிவு உண்டு. மூங்கில் வில்லே அதன் கருவி. 50 மீட்டரும் 30 மீட்டரும் அதன் தொலைவு. வில்லின் விலை சில ஆயிரம். பள்ளி முற்றமே முப்பது மீட்டரைத் தரும். முதுவர், மன்னான் குடிப்பிள்ளைகளும், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று எய்யத்தக்க விளையாட்டு இதனினும் வேறில்லை என்பது என் துணிபு. இதனைப் பள்ளிகள் ஏற்காதுபோயின் எஞ்சியிருப்பது கோயில் விழாவில் ஆண்டுக்கொரு முறை பறக்கும் அம்பு மட்டுமே.

மூங்கிலுக்கும் தடை நீங்கிவிட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைப் பழங்குடியினர் சேகரித்துப் பயன்கொள்ளத்தக்க சிறுவனப் பொருள்களுள் ஒன்றாக ஏற்றது. 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையிலிருந்தே நீக்கினர். முற்றிய மூங்கிலைப் பனிக்காலத்தில், சாறு குறைந்திருக்கும் நாள்களில் வெட்டவேண்டும். பிளந்து நிழலில் பல திங்கள் உலர்த்தவேண்டும். கணுக்களைச் செதுக்கி, இரு கிளைகளும் ஒருசேர வளைகின்றனவா என்று நாண்கட்டிப் பார்த்துப் பார்த்துச் சீவவேண்டும். மார்கழியில் வெட்டிய மூங்கில் அடுத்த ஓணத்துக்கு முன் வில்லாகிவிடும்.